மார்க் ராத்கோ: ஓவியங்களின் முழுப்பட்டியல்

அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ராத்கோ (1903–1970) கித்தானில் தீட்டிய 836 ஓவியங்களைத் தொகுத்துத் தரும் ஆய்வுநூல். கலை வரலாற்றாளர் டேவிட் ஆன்ஃபாம் உருவாக்கிய இதனை யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1998இல் வெளியிட்டது. ஓர் ஓவியரின் படைப்புகளுக்கு வரிசை எண் கொடுத்து, ஆண்டு, அளவு, ஊடகம், பின்புறக் குறிப்புகள், கைமாறிய விவரம், காட்சிக்கு வைக்கப்பட்ட இடங்கள் ஆகியவற்றைப் பதியும் இத்தகைய நூலைக் கலையுலகில் 'கேட்டலாக் ரெசொனே' என்பர்.

பெயர்ச் சிக்கல்

உருவ ஓவியத்தை அதில் உள்ள படகையோ முகத்தையோ சொல்லி அடையாளம் காட்டிவிடலாம். ராத்கோவின் முதிர்காலக் கித்தான்களில் இருப்பவை விளிம்பு மங்கிய வண்ணச் செவ்வகங்களே. 1940களின் இறுதியில் வழக்கமான தலைப்புகளைக் கைவிட்டு எண்களுக்கு மாறினார். ஒரே எண் வேறு ஆண்டுகளில் திரும்பவும் வந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள 'எண் 10' 1950ஐச் சேர்ந்தது. 2015இல் ஏலம்போன 'எண் 10' 1958ஐச் சேர்ந்தது. எஞ்சிய பலவும் 'தலைப்பில்லாதவை'. நிறங்களைக் கொண்டு பிறர் வைத்த பெயர்களும் சிலவற்றோடு ஒட்டிக்கொண்டன. இதனால் ஆண்டு, அளவு, பின்புற எழுத்து ஆகியவையே ஓர் ஓவியத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

ஓவியங்கள் சென்ற வழி

ராத்கோ இறந்தபோது அவரிடம் 798 ஓவியங்கள் இருந்தன. சொத்து நிறைவேற்றுநர்கள் அவற்றைக் குறைந்த விலைக்குக் கைமாற்றியதை எதிர்த்து அவருடைய பிள்ளைகள் தொடுத்த வழக்கில் 1975இல் பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1986இல் ராத்கோ அறக்கட்டளை 295 படைப்புகளை வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்கு வழங்கியது. தாளில் வரைந்தவற்றுக்கான தனிப்பட்டியலை அக்கூடம் இணையவழியில் தொகுத்துவருகிறது.

நிறத்தைப் பதிதல்

அளவையும் ஆண்டையும் எழுதி வைக்கலாம்; நிறம் அப்படி நிற்பதில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் 1964இல் மாட்டப்பட்ட ஐந்து பெரிய ஓவியங்களில் லித்தோல் சிவப்பு நிறமி வெயில்பட்டு வெளுத்துப்போக, 1979இல் அவை அகற்றப்பட்டன. பழைய நிறத்துக்குச் சான்றாக இருந்த 1964ஆம் ஆண்டு வண்ணப்படச் சுருள்களும் மங்கியிருந்தன. அவற்றைக் கணினியில் மீட்டு, காட்சிக்கு வராமல் நிறம் கெடாதிருந்த ஆறாவது ஓவியத்தோடு ஒப்பிட்டு மூலநிறத்தைக் கணித்தனர். 2014இல் தொடங்கிய கண்காட்சியில், தூரிகை எதுவும் படாமல், ஒளிவீழ்த்தியின் வண்ண ஒளி மட்டும் அந்த ஓவியங்களின் இழந்த நிறத்தை ஈடுசெய்தது. நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு அது அணைக்கப்பட்டது. பார்வையாளர்கள் வெளுத்த கித்தான்களை உள்ளபடியே கண்டனர்.