கடல்நீர்த் தொட்டியின் அளவு: ஒரு வரலாறு

கடல்நீர் மீன்தொட்டியை முதன்முறையாக அமைப்பவர் 200 லிட்டரை ஒட்டிய தொட்டியில் தொடங்குவது நல்லது என்றும், 30, 40 லிட்டர்த் தொட்டிகளை அனுபவம் வந்தபின் தொடுவதே முறை என்றும் இன்றைய கைநூல்கள் பலவும் கூறுகின்றன. சிறியதில் பழகிப் பெரியதற்குச் செல்வதே எத்தொழிலிலும் வழக்கமாயிருக்க, இங்கு மட்டும் வரிசை தலைகீழாய் நிற்பதன் காரணம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், எண்ணற்ற கடலுயிர்கள் மடிந்தபின் விளங்கியது.

1846இல் ஆனா தின் என்னும் பெண்மணி, டார்க்கீ கடற்கரையில் கண்ட பவளவகை உயிர்களை ஒரு சாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடலிலிருந்து தொலைவிலிருந்த அவர் வீட்டில் புதுநீர் எளிதில் கிடைக்காததால், இருந்த நீரையே திறந்த சன்னலோரம் ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றும் வேலையைப் பணிப்பெண் நாள்தோறும் அரைமணி நேரத்திற்கும் மேலாகச் செய்தார். அடுத்த ஆண்டு கடற்பாசிகளைச் சேர்த்ததும் அவ்வுழைப்பு குறைந்தது. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன், நீர்த்தாவரம், அழுகும் இலையைத் தின்னும் நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் என்பதை 1850இல் நன்னீரில் காட்டி, பின்னர் கடல்நீரிலும் முயன்றார். தாவரம் வெளிவிடும் ஆக்சிஜனை விலங்கு உட்கொள்ள, விலங்கின் கழிவைத் தாவரம் ஏற்கும் இந்நிலை ‘சமநிலை’ எனப்பட்டது. கண்ணாடி மீதான வரி 1845இல் நீங்கியிருந்ததும், 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்கூடம் திறக்கப்பட்டதும், மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வெளிவந்ததும் சேர்ந்து, வரவேற்பறைதோறும் கடல்நீர்த் தொட்டி வைக்கும் மோகத்தை எழுப்பின.

அத்தொட்டிகளில் மிகப் பல நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரே வெப்பநிலையில் உள்ள நன்னீரைவிடக் கடல்நீர் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவாகவே ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதன் காரத்தன்மையால் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவின் நஞ்சும் அதில் கடுமையாகும். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுவதால், லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 20 லிட்டர்த் தொட்டியில் ஒரு லிட்டர் வற்றினாலே அது 36.8 கிராமாக உயர்கிறது. அதே வடிவில் பத்து மடங்கு கொள்ளளவுள்ள தொட்டியின் நீர்ப்பரப்போ ஐந்து மடங்கைக்கூட எட்டாதாகையால், அதே காலத்தில் அங்கு உப்பு 35.8 கிராமைத் தாண்டுவதில்லை. செத்து மறைந்த ஒரு நத்தை பெரிய தொட்டியில் கவனிக்கப்படாமலே கரைந்துபோகும். சிறிய தொட்டியிலோ ஓரிரவில் எல்லாவற்றையும் கொன்றுவிடக்கூடும். சமநிலை என்ற கருத்து தவறன்று. அது நிலைகொள்ளத் தேவையான நீரின் அளவை எவரும் அப்போது கணக்கில் எடுக்கவில்லை என்பதே குறை.

அக்கணக்கை எடுத்தவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். லண்டனில் கடலுயிர்களையும் தொட்டிகளையும் விற்றுவந்த இவர், 1864இல் ஹாம்பர்க் மீன்காட்சியகத்திலும் 1871இல் கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்திலும் தம் கொள்கையைச் செயற்படுத்தினார். பார்வையாளர் காணும் தொட்டிகளில் உள்ளதைவிடப் பன்மடங்கு நீர் தரைக்கடியில் இருண்ட தேக்கத்தில் நின்றது. இயந்திரம் அந்நீரை ஓயாது மேலேற்ற, அது தொட்டிகள் வழியே ஓடி மீண்டும் தேக்கத்தில் விழுந்தது. வெயில் படாததால் தேக்கத்தில் பாசி பெருகவில்லை. நீர் குளிர்ந்தும் இருந்தது. ஒரு தொட்டியில் நேரும் கேடு மொத்த நீரில் பரவி நீர்த்துப்போனது. வாரிங்டனும் காஸும் பெற்ற புகழில் சிறு பங்கும் லாயிடுக்கு வாய்க்காதது பெருங்குறையே. ஏனெனில் தொட்டியின் அளவு என்பது கண்ணாடிக்குள் தெரியும் நீரன்று, அதனோடு இணைந்து சுழலும் மொத்த நீரே என்பதை நடைமுறையில் நிறுவியவர் அவர்தாம். இன்று வீட்டுத் தொட்டியின் அடியில் அலமாரிக்குள் மறைந்திருக்கும் ‘சம்ப்’ என்னும் கீழ்த்தொட்டி அத்தேக்கத்தின் சிற்றுருவேயாகும். எனவே 100 லிட்டர்த் தொட்டியோடு 60 லிட்டர்ச் சம்ப்பை இணைத்தவர் உண்மையில் 160 லிட்டர் நீரைப் பேணுகிறார்.

சிறு கலத்தில் கடலுயிர் வாழவே இயலாது என்று இதற்குப் பொருளில்லை. எடின்பரோவின் ஜான் டால்யெல் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்துவந்த கடற்சாமந்தி, பாறையில் ஒட்டி மலர்போல் விரியும் அவ்விலங்கு, ஒரு கண்ணாடிச் சாடியிலேயே வளர்ந்தது. டால்யெல் ஆள் வைத்துப் புதுக் கடல்நீர் வரவழைத்து மாற்றிவந்தார். 1851இல் அவர் மறைந்தபின் அச்சாடி வேறு இயற்கையியலாளர்களின் கைக்கு மாறி மாறிச் சென்றது. ‘பாட்டி’ என்று அழைக்கப்பட்ட அக்கடற்சாமந்தி இறந்தது 1887இல்.