சாதிக்காய் விளைந்த சிற்றூர்: ரன் தீவின் வரலாறு

திருவிழாக் காலங்களில் அபிடேகத்திற்கென நீர் நிரப்பப்படும் கலசங்களில் ஏலம், இலவங்கம், பச்சைக்கற்பூரம் முதலியவற்றோடு சாதிக்காயும் சாதிபத்திரியும் சேர்க்கப்படுவதை நாம் அறிவோம். தாம்பூலத்திற்குரிய ஐவகை வாசப்பொருள்களுள் சாதிக்காயும் ஒன்று. பச்சிளங் குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் நம் பாட்டிமார் உரைகல்லில் இழைத்த பொருள்களிலும் அதற்கு இடமுண்டு. இத்துணை நெருக்கமாக நம்மோடு பழகிய இப்பொருளின் தாயகம் தமிழகமும் அன்று. மலாய்த் தீபகற்பமும் அன்று. அது இந்தோனேசியாவின் கீழ்த்திசையில் பண்டாக் கடலின் நடுவே கிடக்கும் சில சிறு தீவுகளேயாகும்.

தமிழ்ப்பள்ளியில் பயின்ற நாளில், "மேனாட்டார் வாசனைத் திரவியங்களைத் தேடிக் கீழ்த்திசைக்கு வந்தனர்" என்று ஆசிரியர் சொல்லக் கேட்டு, அதனை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதினோம். அத்திரவியங்களை விளைவித்த மக்கள் யாவர், அவர்கள் என்ன ஆயினர் என்னும் வினா அன்று எழவில்லை. அதற்கான விடையை ரன் என்னும் சின்னஞ்சிறு தீவின் வாயிலாக ஈண்டுக் காண்போம்.

தீவும் மக்களும்

பண்டாத் தீவுக்கூட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ளது ரன். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த அகலமும் உடைய இத்தீவில் ஆறு இல்லை, ஊற்றும் இல்லை. மழைநீரைச் சேமித்தே மக்கள் வாழ வேண்டும். ஆயினும், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகச் சந்தைக்கு வந்த சாதிக்காய் இந்தத் தீவுக்கூட்டத்திலிருந்தே வந்தது.

பண்டா மக்களுக்கு அரசன் இல்லை. "ஒராங் காயா" எனப்பட்ட ஊர்ப் பெரியோர் கூடிப் பேசி முடிவெடுப்பர். அரிசியும் சவ்வரிசியும் துணியும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். சாவகரும் மலாய்க்காரரும் அவற்றைக் கொண்டுவந்து சாதிக்காயைப் பெற்றுச் சென்றனர். குசராத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெய்யப்பட்ட துணிகளுக்கு அங்கு நல்ல மதிப்பு இருந்தது. அத்துணிகளை மலாக்காவுக்குக் கொணர்ந்தோருள் தமிழ் வணிகரும் இருந்தனர். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், அடுத்த ஆண்டே பண்டாவை அடைந்தனர்.

வல்லரசுகளின் போட்டி

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, சாதிக்காய் முழுவதையும் தனக்கே விற்க வேண்டுமென ஒப்பந்தங்களைத் திணித்தது. உணவையும் துணியையும் கொண்டுவரும் பழைய வணிகரைக் கைவிட்டால் பட்டினி கிடக்க நேரிடும் என்பதால் மக்கள் அவ்வொப்பந்தங்களுக்கு அடங்கவில்லை. 1609இல் டச்சுத் தளபதி வெர்ஹோவனும் அவருடன் சென்றோரும் நேரா தீவில் கொல்லப்பட்டனர். பகை முற்றியது.

டச்சுக்காரருக்கு அஞ்சிய ரன் தீவினர் ஆங்கிலேயரின் துணையை நாடினர். 1616ஆம் ஆண்டு டிசம்பரில் நத்தானியல் கோர்த்தோப் என்பவர் இரு கப்பல்களுடன் அங்கு வந்து சேர்ந்தார். தங்கள் தீவின் மண்ணோடு கூடிய சாதிக்காய்க் கன்றொன்றை அடையாளமாக அளித்து, ஆங்கில மன்னன் ஜேம்சின் பாதுகாப்பை மக்கள் ஏற்றனர். கோர்த்தோப் சிறு படையுடன் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முற்றுகையைத் தாங்கினார். 1620 அக்டோபரில் கடலில் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் விலகினர், ரன் மக்கள் தனித்து விடப்பட்டனர்.

1621: பேரழிவு

அடுத்த ஆண்டு, டச்சு ஆளுநர் தலைவர் யான் பீட்டர்சூன் கூன் பெரும்படையுடன் வந்து பண்டாவின் பெருந்தீவாகிய லோந்தோரைக் கைப்பற்றினார். 1621 மே 8ஆம் நாள், நேராவில் உள்ள நாசாவ் கோட்டையருகே ஊர்ப் பெரியோர் 44 பேர் ஜப்பானியக் கூலிப்படையினரின் வாளுக்கு இரையாயினர். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுக்கூட்டத்தில் ஓராயிரம் பேர் அளவிலேயே எஞ்சினர் என்பர் வரலாற்றாசிரியர். போரிலும் பசியிலும் இறந்தோர் பலர். அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டோர் பலர். தப்பியோடிய சிலர் கெய் தீவில் குடியேறினர். அங்குள்ள பண்டா எலி என்னும் சிற்றூரில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் பழைய பண்டா மொழியை இன்றும் பேசி வருகின்றனர். பிறந்த மண்ணில் அம்மொழி மறைந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

வெறுமையான நிலம் 68 தோட்டங்களாகப் பிரித்து ஐரோப்பியருக்கு வழங்கப்பட்டது. அங்கு உழைக்க அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். சாவகம், போர்னியோ, பூத்தோன், குசராத், மலபார் ஆகிய இடங்களோடு சோழமண்டலக் கரையும் அவர்கள் பிடிபட்ட இடங்களின் பட்டியலில் உள்ளது. 1638ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பண்டாவில் இருந்த நாலாயிரத்துக்கும் குறைவான மக்களுள் மண்ணின் மைந்தர் சுமார் 560 பேரே.

நம் முன்னோர் இந்நாட்டின் காப்பி, கரும்பு, ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொணரப்பட்டதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் கரையைச் சேர்ந்தோர் சாதிக்காய்த் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தனர். அவர்களுடைய பெயர்களை நினைவுகூர்வார் இல்லை.

ரன்னும் மன்ஹாட்டனும்

ரன் தீவுக்குத் தோட்டமும் கிட்டவில்லை. ஆங்கிலேயருக்கு அது பயன்படலாகாது என்று கருதி, அங்கிருந்த சாதிக்காய் மரங்களை டச்சுக்காரர் வெட்டி அழித்தனர். 1654இல் தீவைத் திருப்பித் தர உடன்பட்டும், 1665 வரை தரவில்லை. தந்த அதே ஆண்டில் மீண்டும் கைப்பற்றினர்.

இதற்கிடையே 1664இல் வட அமெரிக்காவில் டச்சுக்காரரின் நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1667 ஜூலை 31இல் கையெழுத்தான பிரெடா உடன்படிக்கை, அவரவர் கையில் உள்ளது அவரவர்க்கே என முடிவு செய்தது. அதனால் ரன் டச்சுக்காரருக்கும், இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கும் உறுதியாயின. "ரன்னைக் கொடுத்து மன்ஹாட்டனை வாங்கினர்" என்று கூறுவது மரபு. நேரான பண்டமாற்று என்று உடன்படிக்கை சொல்லவில்லை எனினும், விளைவு அதுவே.

அரசாங்க அலுவலில் கோப்புகளோடு நாள்தோறும் பழகுபவன் என்ற முறையில் என் உள்ளத்தை உறுத்துவது ஒன்றுண்டு. பிரெடாவில் கையெழுத்திட்டவர்கள் ரன்னைக் கண்டவர்கள் அல்லர். மன்ஹாட்டனின் பூர்வகுடிகளையும் ரன்னின் மக்களையும் எவரும் கேட்கவில்லை. காகிதத்தில் ஒரு வரியாக இருப்பது, எங்கோ ஓர் ஊரின் வாழ்வாக இருக்கக்கூடும்.

நம் நாட்டுக்கு வந்த கன்றுகள்

எவ்வளவு காவலிருந்தும் டச்சுக்காரரின் தனியுரிமை நிலைக்கவில்லை. 1770இல் பியேர் புவாவர் என்னும் பிரெஞ்சுக்காரர் கன்றுகளை மொரீசியசுக்குக் கொண்டு சேர்த்தார். 1796இல் பண்டாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், கிறிஸ்டோபர் ஸ்மித் என்னும் தாவர அறிஞர் வழியாகப் பினாங்குக்குக் கன்றுகளை அனுப்பினர். சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் சாதிக்காய்த் தோட்டங்கள் செழித்து, பின் நோயால் அழிந்தன. பினாங்கின் பாலேக் பூலாவில் நாம் விரும்பி அருந்தும் சாதிக்காய்ச் சாறு, அந்தப் பண்டா மரபின் எச்சமே.

ரன் இன்று மாலுக்கு மாநிலத்தைச் சேர்ந்த ஓர் அமைதியான சிற்றூர். மீன்பிடித்தும், மீண்டும் வளர்ந்த சாதிக்காய் மரங்களைப் பேணியும் மக்கள் வாழ்கின்றனர். மழைநீரையே இன்றும் சேமிக்கின்றனர்.

அடுத்த முறை கலசத் தீர்த்தம் நம் மீது தெளிக்கப்படும்போது, அதன் நறுமணத்தில் கலந்துள்ள அம்மக்களையும், பெயரறியா நம் கரையோரையும் ஒரு கணம் எண்ணி வணங்குவோமாக. இவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போமாக.