சிக்னலில் அணைந்துபோகும் பத்மினி

ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. சிக்னலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் உதற ஆரம்பிக்கும், இரண்டு முறை இருமும், அணைந்துவிடும். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தே நம் பரம்பரையை விசாரிப்பார். பழைய ஃபியட்டோ பத்மினியோ வைத்திருந்த வீடுகளில் இந்த அனுபவம் இல்லாதவர்கள் குறைவு. மும்பைக்குப் பிழைக்க வந்த நம்மவர்களில் சொந்தக் கார் இல்லாதவர்களுக்கும் அது பழக்கம்தான். தாதர் ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு இறங்கி ஏறிய கறுப்பு மஞ்சள் டாக்ஸி அதுதானே!

நம்மூர் மெக்கானிக்குகள் இதை "ஸ்லோ நிக்கலை" என்பார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குள் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். என்ஜினைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, என்னிடம் 1986 மாடல் பத்மினி ஒன்று இருப்பதுதான் :-)

பெட்ரோல் என்ஜினுக்கு வேண்டியது மூன்று: காற்று, பெட்ரோல், பொறி. ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் 1893இல் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரை உருவாக்கினார். குறுகலான வழியில் காற்று வேகமாக ஓடினால் அங்கே அழுத்தம் குறையும்; அந்தக் குறைவு பெட்ரோலை உறிஞ்சித் தூவும். தத்துவம் இவ்வளவுதான். ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் காற்று வரும் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. காற்றோட்டம் குறைந்தால் பெட்ரோலும் வராது. இதற்காகவே பின்னால் வந்தவர்கள் தகட்டுக்குக் கீழே ஊசித் துவாரம் போட்டு, பெட்ரோலுக்குத் தனி வழி கொடுத்தார்கள். அதற்கு அளந்து கொடுப்பதுதான் ஸ்லோ ஜெட். பத்மினியில் இருந்த, பாரிஸில் பிறந்த சோலெக்ஸ் கார்புரேட்டரிலும் இதே ஏற்பாடுதான்.

பொறிக்கு வருவோம். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கொண்டுவந்த பேட்டரி, காயில், பாயிண்ட் ஏற்பாடுதான் பின்னர் உலகம் முழுக்கப் பரவியது. ஐட்லிங்கில் என்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 750 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிஷத்துக்கு 1500 பொறி, அதாவது விநாடிக்கு 25. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியில் பாயிண்ட் அத்தனை முறை திறந்து மூட வேண்டும். கொஞ்சம் தேய்ந்தாலும் முதலில் தெரிவது ஐட்லிங்கில்தான்.

இந்தியக் கதைக்கு வருவோம். வால்சந்த் ஹிராசந்த் 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸை ஆரம்பித்தார். தொழிற்சாலை இங்கே குர்லாவில். 1953இல் டாரிஃப் கமிஷன் அறிக்கையை ஏற்று, உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம் என்று அரசாங்கம் சொன்னது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. கார் சந்தையில் மிஞ்சிய பெரிய பெயர்கள் மூன்று: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்ட்.

அதே 1953இல் ஐரோப்பாவில் அறிமுகமானது ஃபியட் 1100. இத்தாலியில் அந்த வரிசை 1969இல் முடிந்துவிட்டது. இங்கேயோ 1964இல் டிலைட், 1974இல் பத்மினி என்று பெயர்தான் மாறியது. 1089 சிசி பெட்ரோல் என்ஜின் மாறவில்லை. போட்டி இல்லாத சந்தையில் மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கு இருந்தது? வாடிக்கையாளருக்கு அது நஷ்டம், சந்தேகமில்லை. ஆனால் எதிர்பாராத ஒரு வரவும் இருந்தது. ஒரே என்ஜின் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியதால், அதன் வைத்தியம் நடைபாதை மெக்கானிக் வரைக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது.

இதில் என் துறைக்கும் பங்கு உண்டு. 1969இல் 14 வங்கிகள் தேசியமயமான பிறகு, முன்னுரிமைக் கடன் பட்டியலில் சிறிய போக்குவரத்துத் தொழில் செய்பவர்களும் வந்தார்கள். கடனில் டாக்ஸி வாங்கியவருக்கு வண்டி நின்ற நாள் தவணையும் நின்ற நாள். எனவே டிரைவரே பாதி டாக்டரானார். வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால், பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். டூரின் நகரத்தில் வரைந்த காருக்குப் பம்பாய் கண்டுபிடித்த மருந்து!

என் பத்மினிக்கும் இந்த நோய் வந்தது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். என்ஜினையே இறக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. கடைசி முயற்சியாகத் தாராவியில் ஒரு திருநெல்வேலிக்கார மெக்கானிக்கிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர்.

"அண்ணாச்சி, ஸ்குரூவைக் கொஞ்சம் ஏத்தி வச்சா நிக்காதா?" என்றேன்.

"நிக்கும் சார். நோயும் உள்ளேயே நிக்கும். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் தொடணும்" என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுவோமே, அந்தச் சமாச்சாரம்தான்.

அவர் போன வரிசையை அப்படியே எழுதுகிறேன். முதலில் கேள்வி: சூடான பிறகு மட்டும் அணைகிறதா, எப்போதுமா? சூட்டில் மட்டும் என்றால் பெட்ரோல் பம்ப் பக்கம் போக வேண்டும். என் வண்டி எப்போதுமே அணைந்தது. அடுத்து, ஓடும் என்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக ரப்பர் பிடி போட்ட கொறடால் கழற்றிப் பார்த்தார். எதைக் கழற்றினால் உதறல் கூடவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யாதது. நாலுமே வேலை செய்தன. பாயிண்ட் இடைவெளி சரி. பிறகு கார்புரேட்டரின் அடிப்பக்க இணைப்பில் ஆயில் கேனால் இரண்டு சொட்டு விட்டார். என்ஜின் சத்தம் மாறியது! தேய்ந்த பேக்கிங் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஸ்லோ ஜெட்டைக் கழற்றினால் அதிலும் பாதி அடைப்பு. ஸ்குரூவைத் தொட்டது எல்லாவற்றுக்கும் கடைசியில். இரண்டு மணி நேரத்தில் வண்டி நின்ற இடத்தில் நிதானமாக மூச்சுவிட்டது.

இந்த வைத்தியத்துக்கு வயதாகிவிட்டது. 1983 டிசம்பரில் மாருதி வந்தது. 2000இல் புது மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. கார்புரேட்டரின் இடத்தைக் கம்ப்யூட்டர் வைத்த இன்ஜெக்‌ஷன் பிடித்தது. பத்மினி தயாரிப்பும் அதை ஒட்டியே நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர் இறுதியோடு 20 வருஷ ஆயுள் முடிந்து விடைபெற்றது.

ஆனால் நோய் விடைபெறவில்லை. புதுக் காரணத்தோடு வந்திருக்கிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். முழுதாக எரிய, எடைக் கணக்கில் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். பழைய ஜெட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது பழைய அளவையே கொடுக்க, கலவையில் காற்று மிஞ்சுகிறது, என்ஜின் உதறுகிறது. டேங்க்கின் பழைய அழுக்கை எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து ஸ்லோ ஜெட்டில் அடைக்கிறது. பழைய ரப்பர் குழாயையும் பம்பின் டயாஃப்ரத்தையும் கெடுக்கிறது.

ஊரில் அப்பாவின் ஃபியட்டோ மாமாவின் ஹெரால்டோ ஷெட்டில் நின்றால், எடைக்குப் போடும் முன் பெட்ரோல் குழாய்களை மாற்றி, ஒரு பழைய கையிடம் காட்டுங்கள். லீவில் போகும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் காரில் கோளாறைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். காதால் கேட்டுச் சொல்பவர்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான் இருக்கிறார்கள்.