'பொது' என்னும் சொல்லின் இழப்பு: மலாயாவிலும் பினாங்கிலும் தொழிற்சங்கங்கள் தேய்ந்த வரலாறு

மலேசியாவில் இன்று நூறு தொழிலாளருள் ஏறத்தாழ அறுவரே தொழிற்சங்க உறுப்பினர். தமிழர் பெரும்பங்காற்றி வளர்த்த இயக்கம் இந்நிலையை அடைந்தது எவ்வாறு? உறுப்பினரின் அக்கறையின்மையும் தலைவர்களின் பூசலும் காரணங்களாக வழக்கமாகக் கூறப்படுகின்றன. அவற்றில் உண்மை உண்டு. எனினும் மொழியியல் பயின்ற நமக்கு வேறொரு காரணமும் புலனாகிறது. தொழிலாளர் யார், அவர் எவரோடு சேரலாம் என்பதைச் சட்டம் சில சொற்களைக் கொண்டே வரையறுத்தது. அச்சொற்களுள் மூன்றினை இவ்வுரையில் நோக்குவோம்.

முதலாவது 'கூலி'. தமிழில் இது செய்த வேலைக்குரிய ஊதியத்தைக் குறிக்கும். ஆங்கிலத்தில் வழங்கிய 'கூலி' என்ற சொல்லின் பிறப்புப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்ச் சொல்லோடு அதனை இணைப்பாரும், குஜராத்துப் பகுதியின் கோலி என்னும் இனப்பெயரோடு இணைப்பாரும் உளர். பிறப்பு எதுவாயினும், காலனிய ஆட்சியின் ஏடுகளில் அது மனிதனுக்கே பெயராயிற்று. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரும் அப்பெயராலேயே அறியப்பட்டனர். அவர்களுக்கும் முதலாளிக்கும் இடையே தண்டலும் கங்காணியும் நின்றனர்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. காசுக்கான கோரிக்கையும் மானத்திற்கான கோரிக்கையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமை கருதத்தக்கது. அரசு படையை ஏவியது, தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டார். எனினும் 'கூலி' என்ற பெயரை விலக்கித் 'தொழிலாளர்' என்ற பெயரை நிலைநாட்டும் முயற்சி அத்துடன் நின்றுவிடவில்லை.

இரண்டாவது சொல் 'பொது'. போர் முடிந்தபின் 1946-இல் அகில மலாயாப் பொதுத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. துறைமுகத்தவர், தோட்டத்தவர், நகராட்சித் துப்புரவாளர், தமிழர், சீனர், மலாய்க்காரர் என எவரும் அதில் சேரலாம். அதன் வலிமை அந்தப் 'பொது'விலேயே இருந்தது. பின்னர் அது பதிவுச் சட்டத்திற்கேற்ப அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனமாக மாறியது. அதில் மலாயாப் பொதுவுடைமைக் கட்சியின் செல்வாக்கு மிகுந்திருந்தது. அரசு காட்டிய காரணமும் அதுவே. ஆயினும் 1948-இல் வந்த சட்டத்திருத்தம் கட்சியைக் கடந்து அமைப்பின் வேரையே தொட்டது. ஒரே வகைத் தொழிலைச் சார்ந்த சங்கங்களே இணையலாம் என்றும், செயலாளர் நீங்கலான நிர்வாகிகளுக்கு அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்றும் அது விதித்தது. சம்மேளனம் சட்டப்பூர்வ இருப்பை இழந்தது. அதே ஜூன் மாதத்தில் அவசரகாலமும் பிறப்பிக்கப்பட்டது. சம்மேளனத் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

தொழிற்சங்கம் என்ற தொடரைத் 'தொழில்' என்றும் 'சங்கம்' என்றும் நாம் வகுப்பில் பிரித்துக் காட்டுகிறோம். சட்டமும் ஒரு வகையில் அதனைப் பிரித்தது. ஒரு தொழிலுக்குள் அடங்கியதே சங்கம் என்றது. 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வரையறையைப் பேணியது. 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் பதவி உயர்வு, இடமாற்றம், பணிநீக்கம் ஆகியவற்றைக் கூட்டுப் பேரத்திலிருந்து விலக்கியது. சங்கங்கள் இருந்தன; அவை பேசத்தக்க பொருள்கள் சுருங்கின.

மூன்றாவது சொல் பினாங்குக்கு உரியது. 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலம் திறக்கப்பட்டது. இன்டெல் முதலிய நிறுவனங்கள் வந்தன. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து சில்லுகளைக் கோத்தனர். மின்சாரத் தொழிலாளர் சங்கம் அவர்களை உறுப்பினராக்க முயன்றது. 'மின்சாரம்' வேறு, 'மின்னணு' வேறு என்ற விளக்கத்தோடு சங்கப் பதிவதிகாரி மறுத்தார். அகராதியில் நுட்பமான ஒரு வேறுபாடு, தொழிற்சாலையில் ஒரு மதிலாக எழுந்தது. 1988-இல் நிறுவனத்துக்குள் அடங்கிய உட்சங்கங்களுக்கும், 2009-இல் வட்டாரச் சங்கங்களுக்கும் மட்டுமே வழி கிடைத்தது. இடையில் ஒரு தலைமுறை சங்கம் அறியாமலே ஓய்வு பெற்றது.

இவற்றோடு வேலையின் இடமும் மாறியது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே தோணியில் சரக்கு ஏற்றி இறக்கிய பணியைக் கொள்கலன் விழுங்கியது. துறைமுக வேலை ஜார்ஜ் டவுன் கடற்கரையிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பெயர்ந்தது. 1969-இல் வேலை அனுமதிச் சிக்கலால், குடியுரிமை பெறாத தமிழர் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பின்னர் வீடமைப்புத் திட்டங்களாயின. ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்து, ஒரே கோயிலில் கூடி, மாதந்தோறும் சந்தா கொடுத்தவர்கள் நகரின் அடுக்ககங்களில் சிதறினர். கூடிப் பேசும் இடம் கலைந்தபின் சங்கக் கிளை நிற்பது அரிது.

சங்கங்களின் குறையையும் மறைத்தல் தகாது. 1954-இல் உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் ஊதிய ஒப்பந்தங்களால் நன்மை செய்தது. ஆயினும் தலைமை நெடுங்காலம் மாறாதிருந்தது. பேச்சுவார்த்தையின் மொழி ஆங்கிலமாகவும் உறுப்பினரின் மொழி தமிழாகவும் இருந்தமையால் ஒப்பந்தத்தின் உள்ளடக்கம் பலருக்கு எட்டவில்லை. தான் செலுத்தும் சந்தா எதற்கென அறியாதவர் அதனை நிறுத்தத் தயங்குவதில்லை.

தொழில்வாரி வரையறையைத் தளர்த்திய சட்டத்திருத்தம் 2024 செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்துள்ளது. 1948-இல் நீக்கப்பட்ட 'பொது' என்ற சொல்லுக்கு மீண்டும் இடம் பிறந்திருக்கிறது. ஆனால் இன்று தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் நம் முன்னோரின் இடத்தில் நிற்போர் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் ஆவர். முகவரிடம் பட்ட கடன் அவர்களைச் சங்கத்தின் வாயிலில் தடுக்கிறது. அவர்களை நாம் எந்தச் சொல்லால் குறிக்கிறோம் என்பதை வகுப்பறையில் கவனித்தல் வேண்டும். மாணவர் தம் பாட்டன் பாட்டியரின் பெட்டிகளில் கிடக்கும் சந்தாச் சீட்டுகளையும் துண்டறிக்கைகளையும் பள்ளிக்குக் கொணர்ந்து படிப்பாராயின், அயல்நாட்டுத் தொழிலாளரின் கோரிக்கைகள் தமிழில் முன்பே எழுதப்பட்டிருப்பதைக் காண்பர்.