பத்துப் பேரும் ஒரு விளக்கும்

யூதர்களின் கூட்டு வழிபாட்டிற்குப் பத்துப் பேர் வேண்டும். பதின்மூன்று வயது நிறைந்த பத்து ஆண்கள் என்பது பழைய விதி. இன்று சில பிரிவினர் பெண்களையும் சேர்த்தே எண்ணுகின்றனர். இந்தத் தொகைக்கு 'மின்யான்' என்று பெயர். ஒன்பது பேர் கூடினால் அவரவர் தனியே வேண்டிக்கொள்ளலாம். ஆனால் பேழையிலிருந்து தோராச் சுருளை எடுத்து முறைப்படி ஓத இயலாது; இறந்தோர்க்காகச் சொல்லும் 'கதீஷ்' வேண்டுதலையும் சொல்ல இயலாது. கொச்சி யூதர்களின் வரலாற்றை வாசிக்கும்போது நாம் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த எண்ணின் முன்புதான்.

கி.பி. 70இல் உரோமப் படை ஜெருசலேம் ஆலயத்தை அழித்தது. அத்துடன் பலியும் குருமார் பணியும் நின்றுபோயின. ஆலயத்தை மையமாகக் கொண்ட ஒரு சமயம் ஆலயமின்றி எவ்வாறு வாழும்? யவ்னே என்னும் ஊரில் யோகனான் பென் சக்காயும் அவருக்குப் பின்வந்த ரப்பிகளும் இதற்கு விடை தேடினர். பலியின் இடத்தை வேண்டுதலும் கல்வியும் நற்செயலும் பெற்றன. பலிபீடத்தின் இடத்தை வீட்டின் உணவு மேசை பெற்றது. பலிப்பொருளோடு உப்பைச் சேர்த்துப் படைத்ததன் நினைவாகவே, இன்றும் ரொட்டியை உப்பில் தொட்டு உண்கின்றனர்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, ஓய்வுநாளில் விலக்க வேண்டிய 39 வகை வேலைகளைப் பட்டியலிடுகிறது. உழுதல், விதைத்தல், நெய்தல், எழுதுதல், தீ மூட்டுதல் என்று அது நீள்கிறது. பாலைநிலத்தில் கூடாரக் கோயிலை எழுப்பத் தேவைப்பட்ட வேலைகளே இவை என்பது மரபான விளக்கம். கோயில் கட்டும் வேலைகளை நிறுத்திவிட்டால் அந்த ஒரு நாளே கோயிலாகிவிடுகிறது. ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1951இல் வெளியிட்ட 'சபத்' என்ற நூல் விரித்துரைப்பது இக்கருத்தையே.

அந்நாளின் வாசல் வெள்ளிக்கிழமை மாலையில் திறக்கிறது. சூரியன் மறைவதற்கு வழக்கமாகப் பதினெட்டு நிமிடங்களுக்கு முன் இல்லத்தரசி விளக்கேற்றி, கைகளால் கண்களை மறைத்து வேண்டுகிறாள். இதற்குப் பத்துப் பேர் வேண்டியதில்லை. யூத வாழ்க்கைக்கு இவ்வாறு இரண்டு வீடுகள் அமைந்தன: ஒன்று பத்துப் பேர் கூடும் வீடு, மற்றொன்று ஒரு விளக்கு எரியும் வீடு.

இந்த இரண்டும் நம் பக்கத்து மண்ணில் வேரூன்றியதற்குச் சான்று கொச்சிச் செப்பேடு. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது, யோசேப்பு ரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கினான். வட்டெழுத்தில் அமைந்த அந்தச் செப்பேட்டின் சொற்கள் தமிழ் கற்றோர்க்கு அந்நியமானவை அல்ல: பகல்விளக்கு, குடை, தோரணம், நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை. பகல்விளக்கு என்பது ஊரார் காண ஏந்திச் செல்லும் பெருமை. வெள்ளி மாலையின் விளக்கோ எந்த மன்னனும் வழங்க வேண்டாதது. சேந்தமங்கலத்தில் கிடைத்த, இந்தியாவின் மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டாகக் கருதப்படும் 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல், சாரா என்ற பெண்ணினுடையது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது.

1568இல் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டிப் பரதேசி ஜெபாலயம் எழுந்தது. இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்று கருதப்பட்டவர்களுக்கு அங்கே சம உரிமை இல்லை. தோரா ஓத அவர்கள் அழைக்கப்படவில்லை. அமரும் இடமும் வெளிப்புறத்தில்தான். அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காந்திய வழியில் அதை எதிர்த்துப் போராடினார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆனால் 1948இல் இஸ்ரேல் உருவாயிற்று. 1950களில் கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். ஆளிருந்த காலத்தில் சிலரை ஒதுக்கிவைத்த அதே கூடம், பின்னாளில் பத்துப் பேரை நிறைக்க வெளியூரிலிருந்து வருவோரை எதிர்பார்த்து நின்றது.

போனவர்கள் எதை எடுத்துச் சென்றனர்? பெண்கள் கையால் எழுதிய பாட்டு நோட்டுகளை எடுத்துச் சென்றனர். ஆண்கள் கேட்கப் பெண்கள் பாடுவதைப் பல யூதச் சமூகங்கள் விலக்கியிருந்தன. கொச்சியிலோ திருமணங்களிலும் விழாக்களிலும் பெண்கள் மலையாளத்தில் வெளிப்படையாகப் பாடினர். ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் அப்பாடல்களைத் தொகுத்து, எபிரேய மொழிபெயர்ப்புடன் 2005இல் ஜெருசலேமில் வெளியிட்டனர். நூலின் பெயர் 'கார்குழலி'. தமிழர்க்கு உரை தேவைப்படாத பெயர் அது.

கடவும்பாகம் ஜெபாலயத்தின் மர வேலைப்பாடுகள் இன்று ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நெகேவ் பாலையில் நெவாதிம் என்ற ஊரில் கொச்சி வழிவந்தோர் தங்கள் முறைப்படி வழிபடுகின்றனர். ஆகவே வீடும் பாட்டும் கடல் கடந்து பிழைத்தன என்று நாம் மகிழலாம். ஆனால் அத்துடன் நிறுத்துவது நேர்மையாகாது. மட்டாஞ்சேரியில் எஞ்சிய முதியோர் ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்ற முடிந்தது. தம்முள் ஒருவர் இறந்தபோது கதீஷ் சொல்லப் பத்துப் பேரைத் தேட வேண்டியிருந்தது. ஒருவர் தனியாக நம்பிக்கை கொள்ளலாம், தனியாகத் துக்கம் கொண்டாட இயலாது என்பதே அந்தப் பழைய விதியின் உட்பொருள் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒதுக்கிவைக்கும் எந்தச் சமூகமும், ஒரு நாள் இறந்தவருக்காக நிற்கப் பத்துப் பேர் நம்மிடம் இருப்பார்களா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.