மலாயாவின் இந்தியக் கறவை மாடும் அதனை வளர்த்தோரின் கல்வியும்

மலேசியக் கால்நடை அறிவியல் நூல்களில் ‘எல்.ஐ.டி.’ என்னும் சுருக்கக் குறியீடு ஒன்று அடிக்கடி காணப்படும். ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’, அதாவது உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்பது அதன் விரிவு. தீபகற்பத்தின் பூர்வீக இனமாகிய கெடா-கிளந்தான் மாடு உருவிற் சிறியது; கறவைக்குப் பெயர்பெற்றதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இந்தியாவிலிருந்து வண்டியிழுக்கவும் பால் கறக்கவும் கொண்டுவரப்பட்ட பல்வேறு இனங்கள் இங்கே கலந்து பெருகியதன் விளைவே இந்த உள்ளூர் இந்திய மாடு. மாட்டுக்குத் தம் சமூகத்தின் பெயரைத் தந்த மக்கள் தம் தொழிலை எவ்வாறு கற்றனர், அவர்களுக்கு யார் கற்பித்தனர் என்பது பற்றி அந்நூல்கள் விரித்துரைப்பதில்லை. அதனையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரம் இத்தொழிலின் பழைய களங்களுள் ஒன்று. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயர் எருமைக் கொட்டிலைக் குறிப்பது. எருமைச் சாலை என்று பொருள்படும் பஃபலோ சாலையும், கால்நடை வணிகர் பெலிலியோசின் பெயரைத் தாங்கிய சாலையும் இன்றும் அங்கு உள்ளன. தமிழரும் வடஇந்தியரும் அங்கு மாடு வைத்திருந்தனர். நகராட்சிக்கும் அவர்களுக்கும் இருந்த உறவு உரிமம், கொட்டில் சோதனை, கலப்படப் பால் வழக்கு என்னும் அளவில் அமைந்தது. பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானி அவர்கள் வாழ்வில் முதலில் நுழைந்தது கற்பிக்கும் கருவியாக அன்று, குற்றம் காணும் கருவியாக. நகரம் விரிந்தபோது கொட்டில்கள் ஒதுக்கப்பட்டன. 1929இல் புக்கிட் தீமா பகுதியில் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் பால்பண்ணை ஐரோப்பிய இன மாடுகளை இறக்குமதி செய்து நவீன முறையில் பால் வழங்கியது. நவீனப் பால் தொழிலும் இந்தியர் கொட்டிலும் ஒரே தீவில் இருந்தும் தனித்தனி உலகங்களாகவே இயங்கின.

தோட்டப்புறத்தின் நிலை வேறு. அங்கே ‘பால்’ என்னும் சொல்லுக்கே இரு பொருள் உண்டு. விடியுமுன் பால்மரம் சீவச் சென்ற தொழிலாளர் குடும்பத்தில், மற்றொரு பாலைக் கறந்து விற்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. (வருவாய்க் கணக்குகளில் இவ்வுழைப்பு இடம்பெறாமை தனியே ஆராயத்தக்கது.) லயத்தின் பின்புறத்தில் கொட்டகை, மர வரிசைகளுக்கிடையே மேய்ச்சல், தேங்காய்ப் பிண்ணாக்கு, தவிடு என்று செலவு குறைந்த வளர்ப்பு முறை ஒன்று உருவாயிற்று. மகளின் திருமணமும் மகனின் பள்ளிச் செலவும் பல வீடுகளில் பசுவை நம்பியே இருந்தன. சீம்பாலின் அருமை, சினையின் அறிகுறி, மடிநோயின் தொடக்கம், கோமாரி கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டுதல் ஆகியவை தாயிடமிருந்து மகளுக்கும் மாமனாரிடமிருந்து மருமகனுக்கும் வாய்மொழியாகச் சென்றன. நூல் இல்லை, ஆனால் கல்வி இருந்தது.

1970களின் நடுப்பகுதியில் மலேசியக் கால்நடைத் துறை பால் சேகரிப்பு நிலையங்களை நிறுவத் தொடங்கியது. அவற்றுக்குப் பால் கொண்டுவந்த சிறு வளர்ப்போருள் பெரும்பான்மையினர் இந்தியரே. எம் கருத்தில், இத்தொழிலுக்குக் கிடைத்த முதல் பள்ளிக்கூடம் இதுவே. வெப்பநாட்டில் கறந்த பால் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். ஆகவே விரைவில் கொண்டுசேர்த்தல், குளிரூட்டல், சாராயச் சோதனை, கொழுப்பளவுச் சோதனை ஆகியவை அங்கே முறைப்படுத்தப்பட்டன. சாராயம் கலந்தவுடன் பால் திரிந்தால் அந்தக் கேன் திருப்பியனுப்பப்படும். பாத்திரத்தை ஏன் வெந்நீரில் கழுவ வேண்டும் என்பதைச் சொற்பொழிவைக் காட்டிலும் திரும்பி வந்த ஒரு கேன் விரைவாகக் கற்பித்தது. தரத்திற்கேற்ற விலை என்னும் முறையும் அவ்வாறே. நகராட்சிக் காலத்தில் தண்டனைக்குரியதாயிருந்த பால்மானி இப்போது வருவாயைக் கூட்டிக்கொள்ளும் வழியைக் காட்டியது.

எனினும் ஒரு செய்தியில் பயிற்சியாளரும் மாடு வளர்த்தோரும் ஒத்துப்போகவில்லை. கன்றைப் பிறந்தவுடன் பிரித்துத் தனியே பால் புகட்டி வளர்க்க வேண்டும் என்பது மேல்நாட்டுப் பாடம். நம்மவர்களோ கன்றை மடியில் விட்டுச் சுரப்பு இறங்கிய பின்னரே கறந்தனர். இது பழமைப்பிடிப்பாகக் கருதப்படுவதுண்டு. உண்மையில் இந்திய இனப் பசுக்கள் பல, கன்று அருகில் இல்லாவிடில் பாலை இறக்குவதில்லை, அடக்கிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், 1950களில் பாகிஸ்தானிலிருந்து பெறப்பட்ட சாகிவால் இனத்தை ஃபிரீசியன் இனத்துடன் கலந்தபோது, உண்ணி எதிர்ப்புடன் கன்றின்றிப் பால் இறக்கும் இயல்பையும் தேர்ந்தெடுக்கும் பண்பாகக் கொள்ள வேண்டியிருந்தது. தோட்டத்துப் பெண்கள் அறிந்திருந்ததை ஆய்வாளர்கள் தலைமுறைத் தேர்வின் வழி எதிர்கொண்டனர். அவ்வாறு உருவான சாகிவால்-ஃபிரீசியன் கலப்பு மாடுகளே பின்னர் மலேசியாவுக்கு இறக்குமதியாயின. பஞ்சாபின் மாடு குயின்ஸ்லாந்து வழியாகச் சுற்றி வந்து, இந்தியர் கொட்டகையிலேயே மீண்டும் கட்டப்பட்டது என்பது வரலாற்றின் விந்தைதான்.

மரபறிவு முழுவதும் சரியென்று நாம் வாதிடவில்லை. ஒரே காளையை ஊரெல்லாம் பயன்படுத்தியதால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகியதும், தீவனத்தில் தாது உப்புக் குறைந்ததும் குறைகளே. செயற்கைக் கருவூட்டல் இவற்றுள் முதற்குறையைப் பெரிதும் போக்கியது. நம்மவர் அதனைச் ‘சினை ஊசி’ என்று அழகாகப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர். புதுமையை அவர்கள் மறுத்தார்கள் என்னும் கூற்றுக்கு இச்சொல்லே மறுப்பு.

உயர்கல்வி நிலையங்கள் இக்காலத்திலேயே வளர்ந்தன. 1971இல் உருவான வேளாண்மைப் பல்கலைக்கழகம் செர்டாங்கில் கால்நடை மருத்துவத்தைக் கற்பித்தது. குளுவாங்கின் கால்நடை நிறுவனம் களப்பணியாளர்களைப் பயிற்றுவித்தது. அரசின் பயிற்சிக்குரிய மொழி மலாய். தமிழ்ப்பள்ளியோடு கல்வியை நிறுத்திய முதிய வளர்ப்பாளர் பலருக்கு எழுத்து வழிக் கையேடு எட்டாதிருந்திருக்கும். மொழிபெயர்ப்பாளராக அமைந்தவர் பள்ளி செல்லும் பிள்ளையே. தமிழகத்தில் 1989இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கறவை மாடு வளர்ப்போருக்குத் தமிழிலேயே பயிற்சியும் வெளியீடுகளும் அளித்து வருவதை இதனுடன் ஒப்பிடலாம். ஆனால் அங்குள்ள தீவனப் பயிரும் பருவமும் வேறு; அவ்வெளியீடுகளை அப்படியே இங்குப் பயன்படுத்த இயலாது.

தொழிலின் எதிர்காலத்தைப் பற்றிக் கூற வேண்டுமானால், மேய்ச்சல் நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும். ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடமளித்ததும், தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டதும், 1980கள் முதல் சிறு வளர்ப்போரின் அடித்தளத்தை அசைத்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்திற்கு மாற்று வீடு கிடைத்தாலும் மாட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. மறுபுறம், நாட்டின் பால்பொருள் தேவையில் மிகப்பெரும் பகுதி இறக்குமதியான பால்மாவைச் சார்ந்தே உள்ளது. இடைவெளியை நிரப்பப் பெருநிறுவனங்கள் முன்வந்துள்ளன: 2022இல் பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஃபார்ம் ஃபிரெஷ் நிறுவனமும், கெமாசில் பெரும்பண்ணைத் திட்டத்தை மேற்கொண்ட எஃப் அண்ட் என் நிறுவனமும் இதற்குச் சான்று. இப்பண்ணைகளுக்குத் தேவைப்படுவோர் பயிற்சி பெற்ற ஊழியர்கள். சொந்த மாடு வைத்திருப்போர் அல்லர். சிறு வளர்ப்போர் நிலைக்க வேண்டுமாயின் நிலக் குத்தகைப் பாதுகாப்பு, தீவனப்புல் வளர்ப்பு, தயிர், நெய், பன்னீர் போன்ற மதிப்புக் கூட்டல் ஆகியவற்றில் பயிற்சி தேவை. பயிற்சி மட்டும் போதாது. நிலமின்றிப் புல் இல்லை.

எம் துறை மாணவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கறவை நிறுத்திய மாடு, முதல் ஈற்று, மடி கட்டுதல், சுழி பார்த்தல் என முதியோர் நாவில் வழங்கும் சொற்களையும் அவற்றோடு வரும் செய்திகளையும் கள ஆய்வில் பதிவு செய்யலாம். சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், ஜொகூர் மாநிலங்களின் பழைய தோட்டப்புறங்களில் மாடு வளர்த்த பெண்களை முதலில் சந்திப்பது நன்று. கேட்க வேண்டிய முதற்கேள்வி, அவர்கள் கடைசியாக வைத்திருந்த பசுவின் பெயர் என்ன என்பது.