சல்ஃபாசலசின்: ஒரு மருந்தின் செயற்கூறு கண்டறியப்பட்ட வரலாறு

அல்சரேட்டிவ் கோலைடிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி, தணிந்தும் மீண்டும் தலைதூக்கியும் வாழ்நாள் முழுதும் தொடர்வதால், நோயாளர் நெடுங்காலம் மருந்துண்ண நேர்கிறது. மூட்டுவாதத்திற்கென உருவாக்கப்பட்ட சல்ஃபாசலசின் இந்நோய்க்கும் பயன்படுவதை ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் 1942இல் அறிவித்தார். பெருங்குடல் நுண்ணுயிரிகள் இம்மருந்தைச் சல்ஃபாபிரிடின், 5-அமினோசாலிசிலிக் அமிலம் என இரண்டாகப் பிரிக்கின்றன. இவற்றுள் நோயைத் தணிப்பது எது?

1977இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கான், பிரிஸ், ட்ரூலவ் ஆகியோர் இரு கூறுகளையும் தனித்தனியே எனிமாவாகச் செலுத்தி ஆராய்ந்தனர். அமினோசாலிசிலிக் அமிலமே பயனளித்தது. குமட்டல், தலைவலி முதலிய பக்கவிளைவுகளுக்குப் பெரிதும் காரணமான சல்ஃபாபிரிடின், அவ்வமிலத்தைப் பெருங்குடல்வரை கொண்டுசேர்க்கும் ஊர்தியாகவே இருந்தது. இதன்பின் சல்ஃபாக் கூறு நீங்கிய மெசலசின் மருந்துகள் உருவாயின. பயன்பட்டுவந்த மருந்தின் எக்கூறு பயன்படுகிறது என 35 ஆண்டுகளுக்குப்பின் எழுப்பப்பட்ட வினாவே நோயாளரின் அன்றாடச் சுமையைக் குறைத்தது.